தீப்பெட்டி ஆபீஸ் வீட்டில் இரண்டு நெட் பெட்டிகள்

சென்ற மாதம் என் வீட்டுக்குப் புது இணைய இணைப்புக் கொடுக்க ஒருவர் வந்திருந்தார். வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டி முடித்தவர், மேசைமேல் நான் வாங்கி வைத்திருந்த இன்னொரு ரவுட்டரைச் சம்பந்தி வீட்டு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது உங்க சொந்தமா, சார்? மாட்டிக்கிடுங்க, தப்பில்ல. ஆனா நெட் வரலன்னு நீங்க போன் பண்ணுனா, மொதல்ல இதைக் கழத்துங்கன்னுதான் சொல்லுவோம். எங்க பெட்டிக்குத்தான் நாங்க பொறுப்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வசனத்தைக் கோவில்பட்டியில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். "எதுக்குச் சிரிக்கீங்க?" என்று கேட்டார். சொல்லலாம்தான், ஆனால் அவருக்கு அடுத்த வீட்டிலிருந்து போன்மேல் போன் வந்துகொண்டிருந்தது. நின்று கேட்க நேரமில்லாதவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தொலைபேசி இலாகாவில் நான் சேர்ந்தது கம்பம் ஏறுகிறவனாக. மதுரையில் கொஞ்ச நாள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். நேராக நட்ட கம்பம் நேராக நிற்கும் என்பது அங்கே பாடம். எங்கள் கரிசலுக்கு அந்தப் பாடம் தெரியாது. கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கம்பத்தைக் கைவிட்டுவிடும். ஐப்பசி மழையில் களியாகி அதை ஒரு பக்கமாகத் தள்ளும். மணியாச்சி வரைக்கும் நான் நிமிர்த்திய கம்பங்கள் எத்தனையோ. அத்தனையும் மறு வருடமே எனக்குத் தலை வணங்கின. அப்புறம் கம்பத்திலிருந்து இறக்கி, வீடுகளுக்குப் போய்ப் போன் ரிப்பேர் பார்க்கிற வேலையில் போட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத வேலை என்று என் மனைவிக்குச் சந்தோஷம்.

ஆபத்து விளாத்திகுளத்தில் காத்திருந்தது. அது தொண்ணூறுகள். அங்கே மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி ஒன்றில், பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்று புகார். போனின் வாய்ப்பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஏதோ தூசி அடைத்திருந்தது. தூசி என்றால் எவனும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். முகத்துக்கு நேரே பிடித்து, பலமாக ஊதினேன்.

பத்து வருட வத்தல் தூள். கண், மூக்கு, தொண்டை என்று பாரபட்சமே பார்க்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருக்க, மண்டிக்காரர் நிதானமாக, "ஊதாதீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள ஊதிட்டீங்களே" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்த வீட்டுத் தொழில் என்ன, அங்கே என்ன பழக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். எடுத்த முடிவு எனக்கு எவ்வளவு காலம் நினைவில் நின்றது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊருக்குள் ப்ராட்பேண்ட் வந்த சமயத்தில் எங்களுக்கு எஞ்சினியராக இருந்தவர் அந்தோணிராஜ் சார். ஒல்லியான மனிதர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சில நேரம் அவர் பேசுவதே கேட்காது. மற்ற அதிகாரிகளுக்குச் சட்டைப்பையில் பேனா இருக்கும், இவருக்கு அதோடு ஒரு சாக்பீஸ் துண்டும் இருக்கும். புகார் வந்த வீட்டுக்குள் நுழைந்ததும், "கொஞ்சம் தண்ணி" என்பார். வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க உள்ளே போவார். அந்த இடைவெளியில் சார் யாருடைய விளக்கமும் இல்லாமல் பெட்டியைப் பார்த்துவிடுவார். தண்ணீர் வந்ததும் வாங்கி அப்படியே மேசையில் வைப்பார். அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

அப்போது இலாகா கொடுத்த பெட்டியில் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் ஒயர் போகும். இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும், மெத்தையில் உட்கார்ந்து மடிக் கம்ப்யூட்டர் பார்க்க ஆசைப்பட்டவர்களும் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி எங்கள் பெட்டிக்குப் பின்னால் சேர்த்தார்கள். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரகம். நெட் நின்றால் எல்லாப் பழியும் எங்களுக்கு.

சார் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மேசைமேல் எங்கள் பெட்டிக்கும் அவர்கள் பெட்டிக்கும் நடுவில் சாக்பீஸால் கோடு போடுவார். "இந்தப் பக்கம் நாங்க. அந்தப் பக்கம் நீங்க." பிறகு அவர்கள் பெட்டியின் ஒயரை உருவிவிட்டு, கம்ப்யூட்டரை நேராக எங்கள் பெட்டியில் சொருகி ஒரு பக்கத்தைத் திறப்பார். திறந்துகொண்டால், "கோட்டுக்கு இந்தப் பக்கம் சொகம்" என்று எழுந்துவிடுவார். புகார் முடிந்தது. தேக்கு மேசையில் கோடு போட்டதற்காகச் சில வீட்டு அம்மாக்கள் முணுமுணுப்பார்கள். சார் காதில் விழாது.

இனி குருசாமி அண்ணாச்சி வீடு. அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் தொழிற்சாலை என்பார்கள்; எங்கள் ஊரில் அது ஆபீஸ்தான். ஒரே காம்பவுண்டுக்குள் பின்பக்கம் ஆபீஸ், முன்பக்கம் மாடி வீடு. கீழே கணக்கு எழுதுகிற அறையில் எங்கள் பெட்டி. மாடியில் அவர் மகள் கவிதாவின் அறை. கவிதா எஞ்சினியரிங் முடித்திருந்தாள். துபாயில் இருக்கும் அவள் அத்தை மகன் வாங்கிவந்த ரவுட்டர் மாடியில் இருந்தது. கீழிருந்து மாடிக்கு நீள ஒயர் இழுத்து இரண்டையும் சேர்த்திருந்தார்கள்.

முதல் புகார் சாதாரணம். சேர்த்த நாளிலிருந்தே நெட் வரவில்லை. இரண்டு பெட்டிகளும் பிறந்ததிலிருந்தே தங்கள் விலாசம் ஒன்றாம் நம்பர் என்று சொல்லிப் பழகியவை. கோயில் கொடை விழாவில் முதல் பரிவட்டம் எனக்குத்தான் என்று இரண்டு பங்காளிகள் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தன. மாடிப் பெட்டிக்கு வேறு நம்பர் வரிசை கொடுத்ததும் சமாதானம் ஆகிவிட்டது. கவிதா கைதட்டினாள். காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

நான் அலுவலகம் வந்து சேர்வதற்குள் போன். நெட் நின்றுவிட்டது.

திரும்பப் போனேன். நெட் ஓடிக்கொண்டிருந்தது. கீழ் அறையில் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மாடியிலிருந்து கவிதா, "நல்லா வருது, அண்ணாச்சி" என்று குரல் கொடுத்தாள். கிளம்பினேன். மறுபடி போன். இப்படியே நடந்தது. நான் இருந்தால் ஓடும், போனால் நிற்கும். பெட்டிக்கு என்மேல் என்ன பாசமோ என்று எங்கள் அலுவலகத்தில் கேலி செய்தார்கள்.

கவிதா சொன்ன அடையாளம் இது: "திடீர்னு நெட் போயிருது, அண்ணாச்சி. என்னன்னு பாக்கக் கீழ எறங்கி வந்தா, பெட்டியில லைட்டு அப்பத்தான் ஒண்ணு ஒண்ணா எரியுது. அதுவா அணைஞ்சு அதுவா எரியுது."

தானாக அணைந்து தானாக எரிகிறது என்றால் மின்சாரம் போய் வருகிறது என்று அர்த்தம். அடாப்டரை மாற்றினேன். பெட்டியையே மாற்றினேன். கம்பத்திலிருந்து வீடு வரை புது ஒயர் இழுத்தேன். இன்வெர்ட்டர்காரரை அழைத்து இன்வெர்ட்டரையும் பார்க்கச் சொன்னேன். அவர் வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "நெட்டுல கோளாறு" என்று சொல்லிப் போய்விட்டார்.

விளையாட்டாக இருந்த சங்கதி அப்புறம் விளையாட்டாக இல்லாமல் போனது. பெங்களூரில் ஒரு கம்பெனி கவிதாவை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் தறுவாயில் இருந்தது. கடைசி நேர்காணல் நெட் வழியாக, முகம் பார்த்து. அண்ணாச்சியும் மகளும் ஒரு உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். வேலை கிடைத்தால் அவள் போகலாம். கிடைக்காவிட்டால் விருதுநகரிலிருந்து பெண் கேட்டு வருகிறவர்கள் வந்து பார்க்கலாம், அவள் சேலை கட்டி நிற்க வேண்டும். அந்த நேர்காணலின் நடுவில் நெட் நின்றது.

"அவர் என்னமோ கேக்க வாயைத் தொறந்தார், அண்ணாச்சி. தொறந்தபடியே நின்னுட்டார்" என்று கவிதா என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் பெரிய மனது பண்ணி இன்னொரு நாள் கொடுத்திருந்தார்கள். அதுவும் நின்றுவிட்டால் வேறொருவரை எடுத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு அப்பாமேல் சந்தேகம். விருதுநகர் சம்பந்தத்துக்காக அவர்தான் ஏதோ செய்கிறார் என்று நினைத்தாள். அண்ணாச்சிக்குத் துபாய்ப் பெட்டிமேல் சந்தேகம். "அத்தை மகன்னா சும்மாவா வாங்கிக் குடுப்பான்?" என்று அதற்கு ஒரு கதையே வைத்திருந்தார். எனக்கு மின்வாரியத்தில் தொடங்கி என் ஜாதகம் வரை எல்லாவற்றின் மீதும் சந்தேகம். அண்ணாச்சியின் மனைவி ராமலட்சுமி அக்கா மட்டும் யார்மேலும் சந்தேகப்படாமல் எனக்குக் காப்பி கொண்டுவந்து தந்துகொண்டிருந்தார்.

விஷயம் அந்தோணிராஜ் சாரிடம் போனது. நேரில் வந்தார். தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. எங்கள் பெட்டி மட்டுமே கீழே இருந்ததால் கோடு போட இடமில்லாமல், மாடிக்குப் போகிற ஒயர் மேசையை விட்டு இறங்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். வழக்கம்போலச் சோதித்தார். "கோட்டுக்கு இந்தப் பக்கம் சொகம்."

"அப்ப எம் மக பக்கம்தான் சீக்குங்கீங்க?" என்றார் அண்ணாச்சி.

"அப்படித்தான் தெரியுது" என்றார் சார். என்ன இருந்தாலும் ஒயர் வெளியே எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நான், அண்ணாச்சி, சார் மூவரும் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கவிதா மாடியில் நெட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா! நெட்டு போயிட்டு!" என்று மேலிருந்து கத்தினாள்.

சார் சுவரைப் பார்க்கவில்லை. பக்கத்து ஜன்னல் வழியாக அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் தோளைத் தொட, நானும் பார்த்தேன். மேசையோரம் இருந்த சுவிட்சிலிருந்து ராமலட்சுமி அக்கா கையை எடுத்துக்கொண்டிருந்தார். மறு கையில் எங்களுக்கான காப்பித் தட்டு.

உள்ளே போனோம். மாடிப்படியில் கவிதாவின் காலடி கேட்டது. உடனே அக்கா சுவிட்சை மறுபடி போட்டார். பெட்டியில் விளக்குகள் ஒன்று ஒன்றாக எரியத் தொடங்கின.

"இப்ப என்னம்மா செஞ்சீங்க?" என்று சார் தன் மெல்லிய குரலில் கேட்டார்.

"அணைச்சேன், சார்."

"எதுக்கு?"

"நீங்க எல்லாரும் வெளிய போயிட்டீங்கள்லா? பெட்டி சுடுது. சுடுத சாமான் பக்கத்துல ஆளில்லாம எப்படி விடுதது? இப்ப வந்துட்டீங்க, போட்டுட்டேன்."

கவிதா கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

"இத்தனை நாளும் நீதானா?" என்றார் அண்ணாச்சி. "ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"என்கிட்ட யாரு கேட்டா? அடாப்டர்ங்கீங்க, ஒயருங்கீங்க. கம்பத்துல எல்லாம் ஏறி எறங்குதீங்க. நான் காப்பி போட்டுக்கிட்டுல்லா இருந்தேன்." அக்கா தட்டை மேசையில் வைத்தார். "அதான் மேல அவளுக்குன்னு தனியா ஒரு பெட்டி துபாய்ல இருந்து வந்துருக்கே. சொந்தப் பெட்டி. பொறவு கீழ இது எதுக்கு வெட்டியா எரியணும்?"

விளாத்திகுளத்தில் எடுத்த முடிவு அப்போது எனக்கு நினைவு வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வீட்டில் இத்தனை முறை காப்பி குடித்திருக்கிறேன். நெருப்பைப் பற்றி அந்த வீட்டில் என்ன பழக்கம் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பழக்கம் அக்காவுடையது. ஊதுபத்தி ஏற்றினால் அது சாம்பலாகும்வரை பூஜை அறையை விட்டு எழ மாட்டார். இஸ்திரிப் பெட்டி ஆறும்வரை பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப் போய்விட்டதால் அதைப் பற்றி ஒருவரும் நினைப்பதே இல்லை. அக்காவின் அப்பாவும் எட்டயபுரம் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர்தான். ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஆளில்லாத அறையில் தீப் பிடித்துக்கொண்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் தங்கச்சியை வெளியே எடுத்தார்கள், ஆனால் பிழைக்கவில்லை. அண்ணாச்சி இதைச் சொல்லும்போது அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவரைக் கேலி செய்யலாம் என்று வாய் வரை வந்திருந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.

அந்தோணிராஜ் சார் தான் கிழித்த கோட்டைக் குனிந்து பார்த்தார். "மாரியப்பன், கோளாறு நம்ம பக்கம்தான்" என்றார் என்னிடம். என் உத்தியோக காலத்தில் அந்த வாக்கியத்தை அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு அக்காவை அழைத்து உட்கார வைத்து, நெட் முதலில் கீழ்ப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்துதான் மேல் பெட்டிக்குப் போகிறது என்று பொறுமையாகச் சொன்னார். "மேல உள்ளது உங்க சொந்தம்தான். ஆனா கீழ உள்ளது எரிஞ்சாத்தான் அதுக்குச் சோறு."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார் அக்கா.

நேர்காணல் அன்றைக்கு என்னை அங்கே போய் நிற்கச் சொல்லி சார் அனுப்பிவைத்தார். பெட்டிக்கு நான் காவல் இருக்கிறேன் என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க வேண்டாம், தம்பி. ஆம்பளைங்க உக்காந்தா ஒண்ணு பேப்பர் படிப்பீங்க, இல்ல தூங்கிருவீங்க. நான் உக்காருதேன்."

உட்கார்ந்தார். ஆபீஸிலிருந்து மணல் நிரப்பிய சிவப்பு வாளி ஒன்றை வரவழைத்து வலப்பக்கம் வைத்துக்கொண்டார். இடப்பக்கம் நனைத்த சாக்கு. கையில் பனையோலை விசிறி. இலாகா பெட்டி ஒன்றுக்கு அப்படி ஒரு பந்தோபஸ்து அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. மேலே கவிதா பேசத் தொடங்கினாள். என்ன பேசுகிறாள் என்று தெரியாவிட்டாலும் குரல் வந்துகொண்டிருந்தது. அக்கா விசிறிக்கொண்டே இருந்தார். இடையிடையே பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார்.

"சுடுது, தம்பி."

"சுடும்க்கா. அது அப்படித்தான்."

"லேசா தண்ணி தெளிச்சா?"

"அய்யோ, வேண்டாம்க்கா."

சாக்கு அவர் கைக்கு எட்டாதபடி என் காலால் நைசாகத் தள்ளிவைத்தேன். அக்கா பார்த்துவிட்டு, திரும்ப இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்தார். தீப்பெட்டிப் பண்டல் ஏற்ற லாரி வந்து நிற்கிறது, குடோன் சாவி அக்காவிடம்தான். அது உள் அறையில் எங்கோ அவர் மட்டும் அறிந்த இடத்தில் இருந்தது.

"ஏட்டி, எந்திரிச்சு சாவியை எடுத்துக் குடு. லாரிக்காரன் கெடந்து சத்தம் போடுதான்."

அக்கா விசிறியை நிறுத்தவில்லை.

"நான் எந்திரிச்சா இதை அணைச்சிட்டுத்தான் எந்திரிப்பேன். அது உங்களுக்குத் தெரியும். அணைச்சேன்னா உங்க மக இங்கனயே இருப்பா. வெள்ளிக்கிழமை விருதுநகர்க்காரவிய வந்து பாத்துட்டுப் போவாவ." பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சொல்லுங்க. எந்திரிக்கட்டுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் போவதில் அக்காவுக்குத் துளியும் இஷ்டமில்லை. அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அவர் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வழக்கம்போலச் சுவிட்சைத் தட்டிவிட்டு எழுந்தால் போதும். யாரும் குறை சொல்ல முடியாது.

அண்ணாச்சி மாடிப்படிப் பக்கம் திரும்பினார். மாடியிலிருந்து கவிதாவின் சிரிப்புச் சத்தம் வந்தது.

"லாரி நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வாசலில் லாரிக்காரரிடம், "இப்ப எடுக்க முடியாதுய்யா, வீட்டுல ஒரு முக்கியமான சோலி நடக்குது" என்று அவர் சொல்வது கேட்டது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, கவிதா படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கி வந்தாள். "எம்மா! எடுத்துட்டாவம்மா! அடுத்த மாசம் வரச் சொல்லுதாவ!"

அவள் வந்து கட்டிப்பிடிக்கப் போனாள். அக்கா விசிறியால் தடுத்தார். "மேல உள்ளதை அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்."

அக்கா கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினார். பெட்டியில் விளக்குகள் அணைந்தன. உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எம்மா, அழுதியா?"

"இல்லட்டி. இது ஆறட்டும், பொறவு எந்திரிக்கேன். நீ போயி அரிசிப் பானைக்குள்ள சாவி கெடக்கு, எடுத்து உங்கப்பாட்ட குடு. லாரிக்காரன் பாவம்."

கவிதா ஓடினாள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். அண்ணாச்சி என் பையில் ஒரு கை நிறைய மிட்டாய் திணித்துவிட்டு, லாரிப் பக்கம் போனார். அந்தப் பெட்டி ஆறுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். லாரியில் பண்டல் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, அது தெருவைத் தாண்டிப் போகும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.